தேர் வந்தால் கேபிள் கட்

பங்குனித் தேரன்று விடிகாலையிலேயே மின்வாரிய ஆட்கள் ஏணியோடு வந்துவிடுவார்கள். ரத வீதிகளின் குறுக்கே போகும் கம்பிகளை ஒவ்வொன்றாக இறக்குவார்கள். தேரின் கலசம் தட்டிவிடக் கூடாதே. அவர்களுக்குப் பின்னாலேயே கேபிள் டிவி பையன்கள் இரண்டு பேர் இடுப்பில் கட்டிங் பிளேயரைச் செருகிக்கொண்டு வருவார்கள். மாடிக்கு மாடி தாவிக் கிடக்கும் கறுப்பு ஒயரை வெட்டி, சுருட்டி, ஆணியில் மாட்டுவார்கள். தேர் அந்த இடத்தைக் கடந்ததும் கூட்டத்தின் வாலைப் பிடித்துக்கொண்டே ஓடிவந்து, அதே ஒயரை மறுபடியும் முறுக்கி ஒட்டுப்போடுவார்கள்.

வேடிக்கை என்னவென்றால், வருடத்தில் அந்த ஒருநாள்தான் எங்கள் ஊர் லோக்கல் சேனலில் ‘நேரடி ஒளிபரப்பு’. தேர் எந்தத் தெருவுக்கு வருகிறதோ அந்தத் தெருவில் டிவி தெரியாது. அந்தத் தெருக்காரருக்கு அது தேவையும் இல்லை. வாசலுக்கு வந்தால் தேரே நிற்கிறது. மற்ற வீதிக்காரர்களும், ரயில்வே லைனுக்கு அந்தப்பக்கம் குடிபோனவர்களும், எழுந்து நடக்க முடியாத பாட்டிகளும் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். என் பாட்டி சாலிடேர் பெட்டிக்குள் அசைந்து வரும் தேரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். கேமரா ஆட்டத்தில் தேர் சாய்வதுபோலத் தெரிந்தால், “ஏலே, கட்டையப் போடுங்கலே” என்று டிவியைப் பார்த்துக் கத்துவாள். நான் சொல்வது 1996, 97 வாக்கில்.

போன பங்குனியிலும் தேர் ஓடியது. இப்போது ஒயரை வெட்டுவதில்லை. ஃபைபரை வெட்டினால் கையால் முறுக்கி ஒட்ட முடியாது, அதற்குத் தனி மெஷின் வேண்டும். அதனால் முதல்நாளே அவிழ்த்து இறக்கிச் சுவரோரமாகப் போட்டுவிடுகிறார்கள். கேமரா மூன்று. மேலே ஒரு டிரோன். கலசத்துக்கு ஒரு முழம் உயரத்தில் பறந்து, அர்ச்சகர்கூடப் பார்த்திராத கோணத்தில் தேரைக் காட்டியது. காலையிலிருந்து தேர் நிலைக்கு வரும்வரை ஒளிபரப்பு ஒரு நொடியும் அறவில்லை. பார்க்கத்தான் ஆளில்லை.

ஏன் என்று சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும். எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு டிவி முதலில் கடலுக்கு அந்தப்புறத்திலிருந்து வந்தது. சென்னைத் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கிவிட்டாலும், அது சென்னைக்கும் சுற்றுவட்டாரத்துக்கும்தான். திருநெல்வேலிச் சீமையில் அது பத்திரிகையில் படிக்கிற சமாசாரம். 1982இல் இலங்கையில் ரூபவாஹினி ஆரம்பித்ததும் தூத்துக்குடி, திருச்செந்தூர், கன்னியாகுமரிப் பக்கம் வசதியான வீடுகளின் மொட்டைமாடிகளில் அலுமினிய ஆன்டெனா முளைத்தது. எல்லாம் தென்கிழக்கே கடலைப் பார்த்து நிற்கும். கோடையில் சில ராத்திரிகளில் படம் கண்ணாடிபோல விழும். மறுநாள் ஒரே புள்ளிமழை. கடல்மேல் தேங்கும் வெப்பக்காற்று அலையை வளைத்துக் கொண்டுவந்து போடுகிறது என்று எங்கள் சயின்ஸ் சார் சொன்னார். மாடியில் ஒருவர் பைப்பைத் திருக, கீழேயிருந்து மற்றவர், “இன்னும்... இன்னும்... ஆங், நில்லு! அடச்சே, போயிட்டு” என்று சத்தம் கொடுப்பதுதான் அந்நாளைய மாலைநேர சங்கீதம்.

1984இல் டில்லிக்கு ஒரு வேகம் வந்தது. இன்சாட் செயற்கைக்கோள் மேலே சுற்றிக்கொண்டிருந்தது. கீழே ஊருக்கு ஊர் ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டர் நட்டால் போதும். அந்த ஆண்டில் சில மாதங்கள் நாளுக்கொன்று என்ற கணக்கில் திறந்துகொண்டே போனார்கள். எல்.பி.டி. என்று அவற்றுக்குப் பெயர், அதாவது லோ பவர் டிரான்ஸ்மிட்டர். பெரும்பாலானவை 100 வாட். அந்தக் காலத்து டீக்கடை வாசலில் எரிந்த குண்டு பல்பும் 100 வாட்தான். ஒரு பல்புக்கு ஆகிற சக்தியைக் கம்பத்தின் உச்சியிலிருந்து தெளித்தால் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தூரத்துக்குப் படம் தெரியும் என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்.

ஆனால் அது பேருக்குத்தான் உள்ளூர் நிலையம். கேமரா கிடையாது, ஸ்டூடியோ கிடையாது. வானத்திலிருந்து வருவதை வாங்கி ஊருக்குள் விடுவதோடு அதன் வேலை முடிந்தது. ஆரம்பத்தில் வந்ததில் பெரும்பகுதி டில்லிச் சரக்கு, இந்தி. கம்பம் நம் ஊரில் நிற்கும், அதில் நம் ஊர் வராது. கொடைக்கானலில் தூர்தர்ஷன் டவர் வந்த பிறகுதான் வெள்ளிக்கிழமை சினிமாப் பாட்டு நிகழ்ச்சியான ‘ஒளியும் ஒலியும்’ எங்களுக்கும் உரிமையானது. அதிலும் எங்கள் ஊர் வந்ததில்லை, அது வேறு விஷயம்.

சின்ன டிரான்ஸ்மிட்டரை வைத்துக்கொண்டு உண்மையாகவே ஊர்க்கதை சொன்ன இடம் ஒன்று நம் நாட்டில் உண்டு. குஜராத்தின் கேடா மாவட்டத்தில் பிஜ் என்ற கிராமம். அமுல் பால் பிறந்த மாவட்டம் அது. 1975இல் இஸ்ரோ அங்கே ஒரு கிலோவாட் டிரான்ஸ்மிட்டரை வைத்தது. சாயங்காலமானால் கிராமத்துப் பொது டிவிகளில் அந்த வட்டாரப் பேச்சிலேயே தொடர்கள் வந்தன. கூலியைக் குறைத்துக் கொடுக்கும் பண்ணையார், தீண்டாமை, குடி எல்லாம் கதையில் உண்டு. 1984இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. அடுத்த வருடமே அந்த டிரான்ஸ்மிட்டரைப் பெயர்த்து வேறு ஊருக்கு அனுப்ப முடிவானது. எந்த ஊருக்கு என்கிறீர்கள்? நம் சென்னைக்குத்தான், இரண்டாவது சேனல் தொடங்குவதற்கு. கேடாக்காரர்கள் சும்மா விடவில்லை, போராட்டத்தில் இறங்கிவிட்டார்கள். கொடுத்ததைப் பிடுங்காதே என்று டிவி நிலையத்துக்காக மல்லுக்கு நின்ற ஜனங்களை அதற்கு முன்னால் நான் கேள்விப்பட்டதில்லை. அந்த நிலையம் அவர்களுக்கு யாராக இருந்தது என்பது அதிலேயே தெரிந்துவிடுகிறது.

எங்கள் ஊருக்கு அப்படியொன்றை அரசாங்கம் தரவில்லை. வீடியோ கடைக்காரர் தந்தார்.

பெயர் வேண்டாம். ஊருக்கே அவர் ‘டிஷ் அண்ணாச்சி’. டெக்கும் கேசட்டும் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தவர், பெரிய குடைபோல ஒரு டிஷ்ஷை மாடியில் ஏற்றினார். வேப்பமரத்துக்கும் தென்னைக்கும் இடையே ஒயர் இழுத்தார். 1993 ஏப்ரல் 14இல் சன் டிவி வந்தது. அடுத்த தீபாவளிக்குள் எங்கள் தெரு முழுக்க ஒயருக்குள் அடங்கிவிட்டது. அன்றைய சாலிடேர், டயனோரா டிவிகள் பலவற்றில் பொத்தான் பன்னிரண்டு. பன்னிரண்டு சேனலுக்குமேல் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளப் பெட்டிக்கு வாய் கிடையாது. அந்தப் பன்னிரண்டில் ஒன்றை அண்ணாச்சி தனக்கென்று ஒதுக்கிக்கொண்டார். சேனலுக்கு மகளின் பெயரை வைத்தார்.

நிலையம் என்பது அவர் வீட்டு மச்சு அறை. பத்துக்குப் பத்து இருக்கும். இரண்டு டெக், ஒரு மாடுலேட்டர், கல்யாணத்துக்குப் போகும் தோள் கேமரா, கரகரவென்று ஒரு டேபிள் ஃபேன். ஈயப்பற்று வாசமும் ஊதுபத்தி வாசமும் கலந்து மூக்கில் ஏறும். சுவரில் முருகன், அதற்குக் கீழே ‘யாரும் சுவிட்சைத் தொடாதே’ என்று சாக்பீஸில் எழுதியிருக்கும். ராத்திரி ஒரு சினிமாப் படம். அதில் புதுப்படத் திருட்டுக் கேசட்டும் சில நாள் ஓடியது, மறைப்பதற்கில்லை. தியேட்டர்காரர் புகார் கொடுத்து, போலீஸ் வந்து டெக்கைத் தூக்கிக்கொண்டு போனதும் உண்டு.

ஆனால் ஜனங்கள் அந்தச் சேனலைப் பார்த்தது படத்துக்காக மட்டுமல்ல. படத்துக்குக் கீழே ஓடிய எழுத்துக்காகவும். கண்ணீர் அஞ்சலி, காதுகுத்து, புதுமனை புகுவிழா, பிளஸ் டூவில் பள்ளியிலேயே முதல் மதிப்பெண், நாளை காலை மேலத்தெருவுக்குக் குடிநீர் வராது. பேப்பரில் விளம்பரம் கொடுக்கக் காசில்லாதவர்கூட அண்ணாச்சியிடம் ஐம்பது ரூபாய் கொடுத்து அப்பாவின் படத்தை மூன்று நாள் ஓடவிடலாம். சனி ஞாயிறு ‘நேயர் விருப்பம்’. கடை போனுக்கு அழைத்து, பெயர், தெரு, யாருக்காகப் பாட்டு என்று சொல்ல வேண்டும். பெண்பிள்ளைகள் பெயரை மாற்றிச் சொல்வார்கள். குரலை வைத்தே ஊர் கண்டுபிடித்துவிடும்.

டிஆர்பி கணக்கெல்லாம் இதற்குக் கிடையாது, அன்றும் இல்லை, இன்றும் இல்லை. எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று அண்ணாச்சிக்கு எப்படித் தெரியும்? ஒருதடவை அஞ்சலியில் இறந்தவரின் இன்ஷியலைத் தப்பாக அடித்துவிட்டார்கள். ஐந்து நிமிடத்தில் பதினொரு போன். அதில் இரண்டு, இறந்தவரின் பங்காளிகளிடமிருந்து. “தம்பி, அன்னைக்குத்தான் எனக்குத் தூக்கமே வந்தது. ஊரே பாக்குதுன்னு தெரிஞ்சுபோச்சு” என்பார்.

நான் யோசித்தவரையில் லோக்கல் சேனலுக்கு நேயர் என்று தனியாக ஒரு கூட்டம் கிடையாது. அதில் வரப்போகிறவரும், வந்தவரின் சொந்தக்காரரும்தான் நேயர். பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் கோலாட்டம் ஆடிய பிள்ளைகள் நாற்பது என்றால், அன்றைக்கு ராத்திரி நாற்பது வீடு, அவர்களின் அத்தை வீடு, மாமா வீடு, ‘எங்க கிளாஸ் பொண்ணு’ என்று சொல்லிக்கொள்ளும் வீடு எல்லாம் அந்தச் சேனலில்தான். படம் நடுங்கும். பாதிப் பேரின் தலை வெட்டுப்பட்டிருக்கும். ஒலி குடத்துக்குள்ளிருந்து பேசுவதுபோல வரும். யாரும் குறை சொன்னதில்லை.

இன்னொரு சௌகரியமும் இருந்தது. எங்கள் பெட்டியில் ஆறாம் நம்பர் சன் டிவி, எட்டாம் நம்பர் ராஜ் டிவி, நடுவே ஏழாம் நம்பர் அண்ணாச்சி. ஏழை மிதிக்காமல் ஆறிலிருந்து எட்டுக்குப் போக முடியாது. (சிலேடை தானாக வந்து விழுந்தது, நான் பொறுப்பில்லை.) அப்படி மிதித்துப் போகிறபோது, “இரு இரு, அது நம்ம பேங்க் மேனேஜர் வீட்டுக் கல்யாணந்தானே” என்று அம்மா நிறுத்தச் சொல்வாள். லோக்கல் சேனல் பிழைத்தது தேடி வந்தவர்களால் அல்ல, வழிப்போக்கர்களால்.

அந்த வழியைத்தான் செட்டாப் பாக்ஸ் அடைத்தது.

கேபிள் டிவி சட்டம் 1995இல் வந்தது. 2011இல் அதைத் திருத்தி, எல்லாரும் டிஜிட்டலுக்கு மாற வேண்டும் என்றார்கள். பெருநகரங்களுக்கு முதலிலும் எங்களைப் போன்ற சிற்றூர்களுக்கு 2017 வாக்கிலும் கெடு வந்து சேர்ந்தது. அதே 2011 செப்டம்பரில் தமிழக அரசின் ‘அரசு கேபிள்’ மாதம் 70 ரூபாய்க்கு ஓடத் தொடங்கியது. 2017 செப்டம்பரில் இலவச செட்டாப் பாக்ஸும் வந்தது. 2019 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த புதுக் கட்டண முறையில் நூறு சேனலுக்கு 130 ரூபாய், வரி தனி. பார்க்கிறவனுக்குப் படம் துல்லியமானது. பொய் சொல்லக் கூடாது, என் அப்பாவுக்குக் கிரிக்கெட் பந்து முதன்முதலாகக் கண்ணுக்குத் தெரிந்தது அப்போதுதான்.

பெட்டிக்குள் சேனல்களை இனம் பிரித்து அடுக்கினார்கள். சினிமா ஒரு வரிசை, செய்தி ஒரு வரிசை, பக்தி ஒரு வரிசை. தூர்தர்ஷனின் குறிப்பிட்ட சேனல்களைக் கட்டாயம் காட்டியாக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அண்ணாச்சிக்கு அப்படியொரு சட்டம் கிடையாது. எங்கள் ஊரில் அவருக்குக் கிடைத்தது எண்ணூற்றுச் சொச்சம். மூன்று பொத்தானை வரிசையாக அமுக்கி யார் அங்கே போவார்கள்? எண்ணூறாவது வீட்டுக்கு வழிப்போக்கன் வரமாட்டான். அமெரிக்காவிலும் 1982இல் லோ பவர் டிவி என்று ஒரு வகையைத் தொடங்கி ஊருக்கு ஊர் உரிமம் கொடுத்தார்கள். அங்கேயும் பெரிய நிலையங்களைக் கேபிள்காரர் காட்டியே ஆக வேண்டும், சின்னதுகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்த உரிமை இல்லை. கடல் தாண்டினாலும் சின்னவனின் குறை இதுதான்.

இதைவிடப் பெரிய அடி கண்ணுக்குத் தெரியாதது. முன்னே அண்ணாச்சி மச்சில் போட்ட படம் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தது. தூரம் முந்நூறு அடி இருக்கலாம். இப்போது அதே படம் மாவட்டத் தலைநகருக்குப் போய், அங்கிருந்து பூட்டுப்போட்ட டிஜிட்டல் சரமாகத் திரும்பி வருகிறது. அந்தப் பயணத்துக்கு மாதாமாதம் காசு. சொந்த ஊருக்குச் சொந்தப் படத்தைக் காட்ட அண்ணாச்சி வாடகை கட்டுகிறார். ஒருதடவை இரண்டு மாதம் பாக்கி விழுந்ததற்கு, திருவிழா நேரம் பார்த்துச் சேனலை எடுத்துவிட்டார்கள். யார் என்பது இங்கே வேண்டாம்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது மச்சுப்படி ஏறினேன். டேபிள் ஃபேன் இருந்த இடத்தில் ஏசி. இரண்டு கம்ப்யூட்டர். ஒன்பது பேர் வேலை பார்த்த இடத்தில் ஒரு பையனும் அண்ணாச்சியும்.

“வாங்க தம்பி, உக்காருங்க. காப்பி சொல்லட்டுமா?”

“இருக்கட்டும் அண்ணாச்சி. சேனல் ஓடுதா?”

“ஓடுது. ஓடுறதுக்கு என்ன? யாரு பாக்காவ?”

சொல்லிவிட்டு அவரே போனை எடுத்துக் காட்டினார். தேர் ஒளிபரப்பை யூடியூபிலும் விட்டிருக்கிறார். கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். ஷார்ஜா, சிங்கப்பூர், பெங்களூரு, திருப்பூர். ‘எங்க வீட்டு வாசல் தெரியுது, ரெண்டு நிமிசம் கேமராவ அங்கயே வைங்க அண்ணாச்சி’ என்று ஒருவர் கெஞ்சியிருந்தார். இவரும் வைத்திருக்கிறார். பூட்டிய கதவு, அழிந்த கோலம், திண்ணையில் ஒரு நாய்.

“துபாய்க்காரன் பாக்கான். மேலத்தெருக்காரன் பாக்க மாட்டேங்கான். மேலத்தெருக்காரன் தேர் முன்னால நின்னு செல்ஃபி எடுக்கான், அத துபாய்க்காரனுக்கு அவனே அனுப்பிருதான். நான் எதுக்கு?”

இதுதான் நடந்தது. 2016இல் ஜியோ வந்ததும் டேட்டா தண்ணீர்விலைக்கு இறங்கியது. வீட்டுக்கு ஒரு வாட்ஸப் குரூப், தெருவுக்கு ஒன்று, ஜாதிக்கு ஒன்று, பத்தாம் வகுப்பு ‘பி’ செக்ஷனுக்கு ஒன்று. சாவுச் செய்தி ஆஸ்பத்திரியிலிருந்து உடல் கிளம்புமுன் வந்துவிடுகிறது. குடிநீர் வராது என்பது வார்டு குரூப்பில் வருகிறது. பிறந்தநாள் வாழ்த்து ஸ்டேட்டஸில். லோக்கல் சேனலில் முகம் தெரிய வேண்டும் என்று ஏங்கிய ஊர், இப்போது முகத்தைத் தானே ஒளிபரப்பிக்கொள்கிறது. சன் டிவியோடு மோதி அண்ணாச்சி தோற்கவில்லை. அவருடைய நேயர்கள் எல்லாரும் ஆளுக்கொரு நிலையம் திறந்துவிட்டார்கள்.

குடும்பம் பட்டினி இல்லை. அதே ஒயர் வழியாக இன்டர்நெட் விற்கிறார், மகன் அதைப் பார்த்துக்கொள்கிறார். “ஒயர்தான் சோறு போடுது, படம் சும்மா” என்றார் அண்ணாச்சி. அவருடைய இன்டர்நெட்டில்தான் ஊர் அவருடைய சேனலை மறந்துகொண்டிருக்கிறது என்று சொல்ல நாக்கு வரை வந்தது. காப்பி வந்துவிட்டது, குடித்தேன்.

ஆனாலும் எல்லாப் பழியையும் போன்மேல் போட எனக்கு மனமில்லை. செட்டாப் பாக்ஸ் வருவதற்குப் பத்து வருடம் முன்பே எங்கள் வீட்டில் ஏழாம் நம்பரை வேகமாகத் தாண்ட ஆரம்பித்திருந்தோம். காரணம், அதில் ஊர் குறைந்து லாட்ஜ் டாக்டர்கள் கூடியிருந்தார்கள். ‘இன்ன தேதியில் இன்ன ஊர் லாட்ஜில் சந்திக்கலாம்’ என்று அரைமணி நேரம். அது முடிந்தால் ராசிக்கல். அது முடிந்தால் பிளாட். எங்கள் ஊர் என்றில்லை, நான் பிழைக்கப் போன ஊர்களிலெல்லாம் லோக்கல் சேனல்கள் இதே வழியில்தான் போயின. சில இடங்களில் கட்சிக்காரர்கள் கைக்குப் போயின. மாலை ஏழு மணிக்கு ‘செய்திகள்’ என்று ஒரு பெண் வாசிப்பார். எல்லாம் ரிப்பன் வெட்டு, பொன்னாடை, நலத்திட்ட உதவி.

1996இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்து நகராட்சி மன்றம் உயிர்பெற்றது. கவுன்சிலர்கள் மாதாமாதம் கூடி மைக்கை உடைக்காத குறையாகச் சண்டை போட்டார்கள். அந்தக் கூட்டம் ஒன்றையாவது லோக்கல் சேனல் காட்டியிருந்தால் ஊர் சோறு தின்னாமல் பார்த்திருக்கும். எட்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வந்த வருடத்தில், வரிசையில் நின்ற குடங்கள்மேல் அந்தத் தோள் கேமரா ஒருமுறை திரும்பியதில்லை. ஏன் அண்ணாச்சி என்று கேட்டேன். சிரித்தார். “கம்பம் யாருது தம்பி? ஒயர் போற ரோடு யாருது? காலையில செய்தி போட்டா, சாயங்காலம் ஒயரு அந்துரும்.” அவர் சொன்னதும் நியாயம்தான். ஆனால் கேடாக்காரர்கள் ஏன் டிரான்ஸ்மிட்டருக்காகச் சண்டை போட்டார்கள், எங்கள் ஊர் ஏன் ஏழாம் நம்பருக்காக ஒரு மனுகூடக் கொடுக்கவில்லை என்பதற்கான பதிலும் அதிலேயே இருக்கிறது.

அரசாங்கத்துக் கம்பங்களும் தப்பவில்லை. ஏறக்குறைய ஐம்பது முக்கிய இடங்களைத் தவிர மற்ற அனலாக் டிரான்ஸ்மிட்டர்களை 2022 மார்ச்சுக்குள் மூடிவிடுவதாகத் தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி அறிவித்தது. அந்தக் குண்டு பல்புகளை ஒவ்வொன்றாக அணைத்தார்கள். யாரும் கவனிக்கவில்லை, ஆன்டெனா வைத்த வீடே இல்லையே. தூர்தர்ஷனின் பொதிகை 2024 ஜனவரியில் டிடி தமிழ் ஆனதுகூட என் அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

2022 நவம்பரில் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் லோக்கல் சேனல்களுக்கு என்று விதிமுறை வெளியிட்டது. அரசாங்க மொழியில் இவை ‘பிளாட்பார்ம் சர்வீஸ்’. எனக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் ரயில்வே ஸ்டேஷன் ஞாபகம்தான் வந்தது. ஒரு சேனலைப் பதிய 1,000 ரூபாய். ஒரு கேபிள் நிறுவனம் காட்டக்கூடிய மொத்த சேனல்களில் இப்படிப்பட்டவை 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உள்ளூர்ச் செய்தி போட வேண்டுமானால் கம்பெனியாகப் பதிவுசெய்திருக்க வேண்டும். ஒளிபரப்பிய எல்லாவற்றையும் 90 நாள் பதிவாக வைத்திருக்க வேண்டும்.

இந்தத் தொண்ணூறு நாளில்தான் என் மனம் நின்றுவிட்டது. “தொண்ணூறு நாள் கழிச்சு?” என்றேன், மச்சில் வேலை பார்த்த பையனிடம். “டிஸ்க் ஃபுல் ஆயிரும்லா. அழிச்சிருவோம்.”

அண்ணாச்சி எழுந்து பின்னாலிருந்த மர அலமாரியைத் திறந்தார். வி.எச்.எஸ். கேசட்டுகள், நூற்றைம்பது இருக்கும். ஒன்றை எடுத்தேன். முதுகில் வெள்ளை லேபிள். ‘தேர் 96’ என்று எழுதி அடித்திருந்தது. அதன் கீழே ‘ஆண்டுவிழா’, அதுவும் அடிபட்டிருந்தது. கீழே ‘கீழத்தெரு கல்யாணம்’, அடிபட்டிருந்தது. கடைசியாக, அடிக்காமல், ‘பழைய பாட்டு’. இன்னொன்றை எடுத்தேன். அதிலும் தேர் அடிபட்டிருந்தது. வெற்றுக் கேசட் அன்று விலை அதிகம். போட்டதன்மேலேயே திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறார்கள். பத்து வருடத்து ஊர்வலமும் கோலாட்டமும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து, கடைசியில் பழைய பாட்டு மட்டும் மிஞ்சியிருக்கிறது.

“எல்லாம் போச்சா அண்ணாச்சி?”

“இங்க இல்ல. வீடுகள்ல இருக்கும். அன்னைக்கு எம்புட்டு பேரு நூறு ரூபா குடுத்துக் காப்பி வாங்கிட்டுப் போனாவ! உங்க வீட்டுலயே ஒண்ணு வாங்கினாவளே, உங்க பாட்டி தேருக்குத் தேங்கா உடைக்கிறது.”

அது எங்கள் பரணில் இருந்தது. நெல்லிக்காய் ஊறுகாய் ஜாடிக்குப் பின்னால், பாலித்தீன் பையில். எடுத்துப் பார்த்தேன். சக்கரத்துச் சுருளின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை.

நான் இவ்வளவும் எழுதியது உங்களை ஒன்று கேட்பதற்காகத்தான். உங்கள் ஊரிலும் ஒரு டிஷ் அண்ணாச்சி இருந்திருப்பார். உங்கள் பரணிலும் ஒரு கேசட் இருக்கும். தேரோ, பள்ளி ஆண்டுவிழாவோ, மசூதித் தெருக் கந்தூரியோ, மாதா கோயில் சப்பரமோ. உலகத்தில் கடைசிவரை வி.சி.ஆர். செய்துகொண்டிருந்த ஜப்பானியக் கம்பெனியான ஃபுனாய் 2016இல் அந்த உற்பத்தியை நிறுத்திவிட்டது. இருக்கும் டெக்குகள் இருக்கும் வரைதான். கேசட்டை இறக்குங்கள். பூஞ்சை இருந்தால் டெக்கில் போட்டுப் பார்க்க வேண்டாம், டேப்பும் போகும், டெக்கின் ஹெட்டும் போகும். பழைய கல்யாண வீடியோக்காரர் யாராவது இன்னும் ஸ்டூடியோ வைத்திருந்தால் அவரிடம் கொடுங்கள், துடைத்து மாற்றித் தருவார். ஒரு பிரதியை நீங்கள் வைத்துக்கொண்டு, இன்னொன்றை உங்கள் ஊர் நூலகத்தில் கொடுங்கள். வருகிற மழைக்காலத்துக்கு முன்னால் செய்துவிடுங்கள்.